குடிப்பழக்க ஆய்வு: ‘ஒண்ணு’ என்றால் பெக்கா, கட்டிங்கா, குவாட்டரா?

காட்பாடி_ஜங்ஷன் கேட்டது:

வணக்கம். சமூக மருத்துவத்தில் முதுகலை ஆய்வேட்டுக்கான வேலை இது. களம் குடியாத்தம், காட்பாடி தாலுகாக்கள். கைத்தறி, தீப்பெட்டி, லோடு, கட்டட வேலை பார்க்கும் ஆண்கள், 18 முதல் 60 வயது வரை 400 பேர். குடிப்பழக்கத்தை மதிப்பிட உலக சுகாதார நிறுவனம் தந்த ஆடிட் (AUDIT) என்ற பத்து கேள்வித் தாளைத் தமிழில் கேட்கிறோம்.

முன்னோட்டத்திலேயே முட்டிக்கொண்டது. இரண்டாவது கேள்வி: ‘குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை டிரிங்க்?’ பதில்: ‘ஒண்ணு சார்.’ அது ஸ்மாலா, கட்டிங்கா, குவாட்டரா, பீரா என்று குறிக்கத் தாளில் இடமே இல்லை. மூன்றாவது கேள்வி, ஒரே தடவையில் ஆறோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது. ‘ஆறா? ஆறு குடிச்சா ஆஸ்பத்திரிதான்’ என்று சிரிக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் அங்கே பூஜ்யம்.

தெரியவேண்டியவை:
1) பாட்டில் கணக்கை டிரிங்க் கணக்காக மாற்ற சரியான வழி என்ன?
2) அவர் சொல்வதும் வீட்டுக்காரம்மா சொல்வதும் ஒட்டவில்லை. யாரை நம்புவது?
3) ரத்தம், சிறுநீர் பரிசோதனை ஏதாவது சேர்த்தால் ஆய்வுக்கு வலு கூடுமா? பட்ஜெட் ரொம்பக் குறைவு.
4) நெறிமுறைக் குழு கேட்டது: ‘உங்கள் பேட்டியைக் கேட்டுவிட்டு ஒருவர் குடியைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஏற்பாடு?’ நிறுத்தினால் நல்லதுதானே என்று முதலில் தோன்றியது. இதற்கு என்ன எழுதுவது?

---

அரைக்கால்_படி:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஆடிட் தாளில் ‘டிரிங்க்’ என்பது 10 கிராம் சுத்த ஆல்கஹால். அது ஆய்வாளனின் அளவு, குடிப்பவரின் அளவு இல்லை. நம் ஊரில் அளவை முடிவு செய்வது பாட்டில். அதனால் அவரிடம் டிரிங்க் கேட்கவே கேட்காதீர்கள். பாட்டிலைக் கேளுங்கள், மாற்றும் வேலையை நீங்கள் செய்யுங்கள். உள்ளூர் மதுவுக்கும் அளவுக்கும் ஏற்ப இரண்டாம், மூன்றாம் கேள்விகளை மாற்றிக்கொள்ள ஆடிட் கையேடே இடம் தருகிறது. கேள்வித்தாளைச் சிதைத்துவிட்டோமோ என்ற பயம் வேண்டாம்.

கணக்கு: மில்லிலிட்டர் × லேபிளில் உள்ள சதவீதம் ÷ 100 × 0.789 = கிராம். 0.789 என்பது எத்தனாலின் அடர்த்தி. இதை மறந்துவிட்டு மில்லியையே கிராமாக எடுப்பதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. அப்படிச் செய்தால் கால் பங்குக்கு மேல் கூடுதலாக வரும்.

நம் பிராந்தி, விஸ்கி, ரம் லேபிளில் 42.8% என்று இருக்கும். அதை வைத்துப் போட்டால்:

ஸ்மால் 30 மி.லி. – 10.1 கிராம் – 1 டிரிங்க்
லார்ஜ் 60 மி.லி. – 20.3 கிராம் – 2
கட்டிங் 90 மி.லி. – 30.4 கிராம் – 3
குவாட்டர் 180 மி.லி. – 60.8 கிராம் – 6
ஹாஃப் 375 மி.லி. – 126.6 கிராம் – 12 முதல் 13
ஃபுல் 750 மி.லி. – 253.3 கிராம் – 25

பீர் 650 மி.லி. பாட்டில் 5% என்றால் 25.6 கிராம், 8% என்றால் 41 கிராம். அதாவது இரண்டரை டிரிங்க் அல்லது நாலு. பீர் என்று மட்டும் எழுதி விட்டுவிட்டால் இந்த வித்தியாசம் தொலைந்துபோகும். ஸ்ட்ராங்கா லைட்டா என்று கேட்டே ஆகவேண்டும்.

குவாட்டர் வரியைக் கவனியுங்கள். ஒரே அமர்வில் 60 கிராமுக்குக் குறையாமல் குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் கடும் குடி என்று கணக்கெடுக்கிறது. நம் ஊரின் மிகச் சிறிய, மிகச் சாதாரணமான பாட்டில் சரியாக அந்தக் கோட்டிலேயே நிற்கிறது. ‘ஆறா?’ என்று சிரித்தவர் முந்தின நாள் ராத்திரி ஒரு குவாட்டரைத் தனியாக முடித்திருந்தால் அவர் ஆறு டிரிங்க் குடித்தவர். அவருக்கு அது ‘ஒண்ணு’.

ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை ஸ்கோர். இதனால் அது எவ்வளவு சாய்கிறது என்று போட்டுப் பாருங்கள். தினமும் ஒரு குவாட்டர் போடுகிறவர்:

சரியாகக் கேட்டால்: முதல் கேள்வி 4, இரண்டாவது 2, மூன்றாவது 4. மொத்தம் 10.
‘ஒண்ணு’ என்பதை அப்படியே குறித்தால்: 4 + 0 + 0 = 4.

மொத்த ஸ்கோரில் எல்லைக்கோடு 8; எட்டும் அதற்கு மேலும் என்றால் ஆபத்தான குடி. முதல் மூன்று கேள்வியிலேயே கோட்டைத் தாண்டவேண்டிய மனிதர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். சனிக்கிழமை மட்டும் குவாட்டர் போடுகிறவருக்கு 2 + 2 + 3 = 7 வரவேண்டும், உங்கள் தாளில் 2 வரும். முன்னோட்டத் தரவை வைத்து சாம்பிள் அளவு போட்டிருந்தால் அதையும் திரும்பப் போடுங்கள்.

களத்தில் கேட்கும் வரிசை இப்படி இருக்கட்டும்: என்ன சரக்கு? எந்த பாட்டில்? எத்தனை பேர் சேர்ந்து? மீதி வைத்தீர்களா, முடிச்சீர்களா? அதற்குப் பிறகு வேறு ஏதாவது? கடைசிக் கேள்வியை விடவே கூடாது. குவாட்டருக்கு மேல் ஒரு ஸ்ட்ராங் பீர் ஏறினால் ஆறு பத்தாகிவிடும், இரண்டாம் கேள்வியின் ஸ்கோர் 2-லிருந்து 4-க்குத் தாவும். ‘மூணு பேர் ஒரு ஹாஃப்’ என்றால் ஆளுக்கு 125 மி.லி., 42 கிராம், 4 டிரிங்க். ஆனால் மூன்று பேரும் சமமாக ஊற்றிக்கொள்வது அபூர்வம். ‘உங்க பங்கு எவ்ளோ?’ என்று தனியாகக் கேளுங்கள்.

காலி குவாட்டர் பாட்டில் ஒன்றை எடுத்துக் கழுவி, அளவுக் குழாயால் 30 மி.லி. தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் மெல்லிய காகிதப் பட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். கழுத்து குறுகும் இடத்தில் பட்டைகளின் இடைவெளி மாறும். அதனால் ஸ்கேலால் சமமாகப் பிரித்துக் கோடு போட்டால் தப்பாகும். பாட்டிலில் டீ டிகாக்‌ஷன் ஊற்றி, அவர் வீட்டு கிளாஸிலேயே வழக்கம்போல் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றியதைத் திரும்ப அளவுக் குழாயில் அளந்து மில்லியைக் குறியுங்கள். ‘ஒரு பெக்’ என்று வாயால் சொல்வது 30 என்றால், கை ஊற்றுவது பல நேரம் 60-ஐத் தாண்டும்.

இடைப்பட்ட எண் (2.5, 6.5) வந்தால் மேலே தள்ளுவதா கீழே இறக்குவதா என்பதைக் களம் இறங்குமுன் எழுதி வையுங்கள். ஆளுக்கொரு விதமாகச் செய்தால் பேட்டி எடுப்பவரைப் பொறுத்து ஸ்கோர் மாறும்.

---

தினசரி_காலண்டர்:

அரைக்கால் படி அண்ணன் அளவைச் சொல்லிவிட்டார். நான் நாளைச் சொல்கிறேன்.

ஆடிட் தாளில் ‘வழக்கமாக’ என்ற சொல் வருகிறது. வாரக்கூலி வாங்குகிறவருக்கு அப்படி ஒரு வழக்கமே இல்லை. சனி ராத்திரி ஒரு கணக்கு, புதன்கிழமை வேறு கணக்கு. சராசரி கேட்டால் அவர் புதன்கிழமையைச் சொல்வார், வீட்டுக்காரம்மா சனிக்கிழமையைச் சொல்வார். உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

இதற்கு டைம்லைன் ஃபாலோபேக் முறை இருக்கிறது. லிண்டா சோபெல், மார்க் சோபெல் இருவரும் உருவாக்கியது. காலண்டரை வைத்துக்கொண்டு நாள் நாளாகப் பின்னோக்கிக் கேட்பது. 400 பேருக்கும் செய்ய முடியாது. ஆடிட்டில் 8-க்கு மேல் வருகிறவர்களுக்கு மட்டும், 30 நாளுக்குச் செய்தால் போதும். ஆளுக்குக் கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்றில் தொடங்கிப் பின்னால் போங்கள். முதலில் நிச்சயமாகக் குடிக்காத நாட்களை அடியுங்கள்: காய்ச்சல், வெளியூர், பொண்ணு பரீட்சை. அடுத்து நிச்சயமாகக் குடித்த நாட்கள்: சம்பளம், சாவு, கல்யாணம், திருவிழா. மிச்சம் சில கட்டங்கள்தான் இருக்கும், அவை தானே நினைவுக்கு வரும். குடியாத்தம் பக்கம் மே மாதப் பேட்டி என்றால் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஒன்றே போதும். அதற்கு முன், அதற்குப் பின் என்று ஊரே நாள் கணக்கு வைத்திருக்கும். ஆடிக் கிருத்திகை இன்னொன்று.

ஆங்கிலக் காலண்டர் தாளை அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, முகூர்த்தம் எல்லாம் உள்ள மாதக் காலண்டர்தான் வேலைக்கு ஆகும்.

எங்கும் எழுதிவைக்காத ஒரு கேள்வியைச் சேருங்கள். டாஸ்மாக் மூடுகிற நாட்கள் எல்லோருக்கும் தெரியும்: அக்டோபர் 2, ஆகஸ்ட் 15, ஜனவரி 26, மே தினம், திருவள்ளுவர் நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாடி நபி. ‘போன தடவை கடை லீவு விட்டப்ப என்ன பண்ணீங்க?’ என்று கேளுங்கள். ‘அன்னிக்கு குடிக்கல’ என்பது ஒரு பதில். ‘மொத நாளே ரெண்டு வாங்கி வெச்சிகினேன்’ என்பது ஒரு பதில். ‘கூட காசு குடுத்து வாங்கினேன்’ ஒன்று. ‘கை நடுங்கிச்சி, சித்தூர் பக்கம் பஸ் ஏறிட்டேன்’ என்று ஒருவர் சொன்னால் அவரைப் பற்றி ஆடிட்டின் நாலாவது, ஆறாவது கேள்விகளைவிட இந்த ஒரு வரி தெளிவாகப் பேசும். இதற்கு ஸ்கோர் போடாதீர்கள், தனியாகக் குறித்து வையுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் களம் இறங்காதீர்கள். ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் அந்த நாட்களில் தொடமாட்டார்கள். 30 நாள் கணக்கு எடுத்தால் ஊரே திருந்தியதுபோல் எண் காட்டும். தவிர்க்க முடியாவிட்டால் மாலை போட்ட தேதியைக் கேட்டு, அதற்கு முந்தைய 30 நாளை எடுங்கள். கூடவே ‘மாலை போட்ட மொத மூணு நாள் ஒடம்பு எப்டி இருந்திச்சி?’ என்றும் கேளுங்கள். தூக்கமில்லை, வியர்வை, நடுக்கம் என்று வந்தால் அது விரதத்தின் களைப்பு இல்லை.

வீட்டுக்காரம்மாவிடம் மில்லி கேட்காதீர்கள், அவருக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை. வாரத்தில் எத்தனை நாள் குடித்துவிட்டு வந்தார், எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை, சம்பளத்தில் எவ்வளவு வீட்டுக்கு வந்தது என்று கேளுங்கள். அவரிடம் தனியாக ஒப்புதல் வாங்குங்கள், வேறு இடத்தில், வேறு நேரத்தில், முடிந்தால் பெண் பணியாளர் கேட்கட்டும். அவர் சொன்னதைக் கணவரிடம் வைத்து ‘வீட்ல இப்படிச் சொல்றாங்களே’ என்று ஒரு வார்த்தை விட்டால் அன்றிரவு அடி விழுவது அவருக்கு. இரண்டு தாளையும் ஒரே கிளிப்பில் மாட்டிக்கொண்டு தெருவில் நடப்பதுகூட வேண்டாம்.

---

லேப்_வராண்டா:

மூன்றாவது கேள்விக்குச் சுருக்கமான பதில்: வேண்டாம். விரிவான பதில் கீழே.

ஜிஜிடி. ரத்தத்தில் பார்க்கும் ஒரு கல்லீரல் நொதி. மலிவு, எல்லா லேபிலும் உண்டு. ஆனால் சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், வலிப்பு மாத்திரை எல்லாமே இதை ஏற்றும். குடியை விட்டால் இறங்க வாரக்கணக்கில் ஆகும். ஒரே ஆளிடம் முன்னும் பின்னும் பார்க்க உதவும், ஊரில் எத்தனை பேர் குடிக்கிறார்கள் என்று எண்ண உதவாது.

எம்சிவி. சிவப்பணுவின் பருமன். குடி ஏற்றும், பி12 குறைவும் ஏற்றும், இரும்புச்சத்துக் குறைவு இறக்கும். மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் நார்மல் என்று வரும்.

சிடிடி. தொடர் குடியால் மாறும் ஒரு ரத்தப் புரதம். தினம் 50 முதல் 80 கிராம், வாரக்கணக்கில் தொடர்ந்து குடித்தால்தான் ஏறும். சனிக்கிழமைக் குடிகாரரைப் பிடிக்காது. விலையும் அதிகம்.

சிறுநீரில் ஈடிஜி. உடம்பு ஆல்கஹாலை மாற்றும்போது உருவாகும் பொருள். இரண்டு மூன்று நாள் வரை காட்டும். எல்லையை மில்லிக்கு 100 நானோகிராமில் வைத்தால் சானிடைசர், அரிஷ்டம் எல்லாம்கூடச் சிக்க வாய்ப்புண்டு. ஆயுர்வேத அரிஷ்டம், ஆசவத்தில் தானாக விளைந்த ஆல்கஹால் இருக்கிறது என்பதை மறந்துவிடுவார்கள். 500-இல் வைத்தால் இந்தத் தொல்லை குறையும். சிறுநீர்த் தொற்று இருந்தால் கிருமி ஈடிஜியைச் சிதைத்துவிடும், குடித்தவருக்கும் இல்லை என்று வரும். மாதிரியைக் குளிர்ப்பெட்டியில் வைக்காமல் மதியம் முழுக்க பைக் டிக்கியில் வைத்திருந்தாலும் இதே கதைதான். வேலூர் வெயிலைச் சொல்லவேண்டியதில்லை.

பெத் என்பது ரத்த அணுக்களில் ஆல்கஹால் இருந்தால் மட்டுமே உருவாகும் பொருள். இரண்டு முதல் நாலு வாரக் கதையைச் சொல்லும். இருப்பதில் நம்பகமானது இதுதான். உங்கள் பட்ஜெட்டில் நிற்காது.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஊதும் மீட்டர் ஒன்று வாங்குங்கள். பதிலைச் சரிபார்க்க அல்ல, ஒப்புதல் செல்லுமா என்று பார்க்க. போதையில் இருப்பவர் போட்ட கையெழுத்துக்கு மதிப்பில்லை. கடைசி வாய் குடித்து 15 நிமிஷம் ஆகாமல் ஊதினால் வாயில் தங்கியிருக்கும் சரக்கே எண்ணைத் தூக்கிக் காட்டும். காத்திருந்து ஊதச் சொல்லுங்கள், ஆளுக்கொரு ஊதுகுழல் வையுங்கள்.

பேட்டி நேரம் இதனோடு சேர்ந்தது. கடை திறப்பது பகல் 12 மணிக்கு. காலை 9 முதல் 11 வரை ஆள் தெளிவாக இருப்பார். ஆனால் தினம் குடிக்கிறவருக்கு அதுவே நடுங்கும் நேரம், பத்து கேள்வி முடிவதற்குள் எழுந்துவிடுவார். அவருக்கு ஆடிட்டின் முதல் மூன்று கேள்வியை மட்டும் முடித்துவிட்டு மறுபடி போங்கள்.

ஆடிட் குடியைத் தவிர வேறொன்றையும் கேட்காது. ஹான்ஸ், கூல் லிப், கஞ்சா, மாத்திரை எல்லாம் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றால் உலக சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் தாள் உண்டு. எட்டு கேள்வி. குடிக்கு 11 முதல் 26 நடுத்தர ஆபத்து, மற்றவற்றுக்கு 4 முதல் 26, எல்லாவற்றுக்கும் 27-ம் அதற்கு மேலும் அதிக ஆபத்து. கூல் லிப்பை ‘புகையிலை போடுவீங்களா?’ என்று கேட்டால் ‘இல்ல’ என்றுதான் வரும். அதை அவர்கள் புகையிலை என்றே நினைப்பதில்லை. பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை பை, ஒன்றை எவ்வளவு நேரம் உதட்டுக்குள் வைப்பீர்கள், காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் பை? அரை மணிக்குள் என்றால் பிடி இறுகியிருக்கிறது.

மாத்திரை விஷயம்: பல போதைகளை ஒன்றாகப் பார்க்கும் சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ஓபியேட் (அபின் வகை) கோடு மார்ஃபினுக்கானது. டேபென்டடால், டிரமடால் இரண்டும் ஓபியாய்டுதான் என்றாலும் அந்தக் கோட்டில் தெரியாது. நம் மாநிலத்தில் வலி மாத்திரை போதை பெரும்பாலும் டேபென்டடால் என்று இருக்கும்போது, அந்த ஸ்ட்ரிப்பை வைத்து ‘ஓபியாய்டு பயன்பாடு பூஜ்யம்’ என்று எழுதினால் அது பூஜ்யம் இல்லை, பார்க்கவில்லை என்றுதான் பொருள். பதற்றம், வலிப்புக்குத் தரும் குளோனசெபாமும் அப்படியே, சாதாரண ஸ்ட்ரிப்பில் நழுவும்.

---

கோட்டை_அகழி:

இன்னொரு விஷயம், யாரும் சொல்லவில்லை. கஞ்சா, மாத்திரை என்று கேட்க ஆரம்பித்தால் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் உள்ளே வந்துவிடும், அதன் பட்டியலில் உள்ளவற்றை உட்கொள்வதே குற்றம். தாமாகச் சிகிச்சைக்கு வருகிறவருக்கு 64ஏ பிரிவில் பாதுகாப்பு உண்டு, உங்கள் கேள்வித்தாளுக்குப் பதில் சொன்னவருக்கு அது பொருந்தாது. அமெரிக்காவில் ஆய்வுத் தகவலை கோர்ட் கேட்டாலும் கொடுக்காமல் இருக்கத் தனிச் சான்றிதழ் தருகிறார்கள். அங்குள்ள ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்து ‘உங்கள் தகவல் யாருக்கும் எந்தச் சூழலிலும் தரப்படாது’ என்று எழுதிவிடாதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

செய்யக்கூடியது: தாளில் பெயர், தெரு, போன் எதுவும் வேண்டாம். எண் மட்டும். எண்ணுக்கும் ஆளுக்கும் உள்ள பட்டியல் தனி நோட்டில், வேறு பூட்டில். இரண்டாம் சந்திப்பு முடிந்ததும் அதைக் கிழித்துவிடுங்கள், எந்தத் தேதியில் கிழிப்பீர்கள் என்பதையும் ஒப்புதல் படிவத்தில் எழுதுங்கள். நிரப்பிய தாளைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு ‘மேடம் இது சரியா?’ என்று கேட்கும் பழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். ஒப்புதல் பகுதியை எழுதும்போது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

---

இரவுப்பணி:

நாலாவது கேள்வி. குழு கேட்டது சரியான கேள்வி, ‘நிறுத்தினால் நல்லதுதானே’ என்பதில்தான் ஆபத்து.

தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால்: 6 முதல் 24 மணிக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், முன்பு வந்தே இராதவருக்கும். இரண்டிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்கு டெலிரியம்: நாள், இடம் குழம்பும், இல்லாத பூச்சி, ஆள் தெரியும், காய்ச்சல், எகிறும் நாடித்துடிப்பு. கவனிக்காவிட்டால் உயிர் போகும். வீட்டில் இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப்போவதில் ஒரு முழு நாள் போய்விடும். குடியை விட்டவருக்கு மூன்றாம் நாள் ‘பேய்’ பிடித்தால் கோயிலுக்கு அப்புறம் போகலாம், முதலில் ஆஸ்பத்திரி.

எனவே உங்கள் பேட்டியாளர்கள் வாயில் ‘இன்னிக்கே விட்டுடுங்க’ என்ற சொல் வரக்கூடாது. ஆடிட் 8 முதல் 15 வந்தவருக்குக் குறைக்கும் வழியைப் பற்றிப் பேசலாம். 16 முதல் 19 என்றால் ஆலோசனையோடு தொடர்ந்து பார்க்கவேண்டும். 20-ம் அதற்கு மேலும், அல்லது எந்த ஸ்கோராக இருந்தாலும் காலையில் நடுக்கம், நடுக்கம் தீரக் குடிப்பது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு என்று சொன்னவர், ‘நிறுத்துறதா இருந்தா டாக்டர்கிட்ட காட்டிட்டு நிறுத்துங்க, தனியா வேணாம்’ என்ற ஒரே வாக்கியத்தைக் கேட்டுவிட்டுப் போகட்டும். இந்த வாக்கியத்தைத் தாளின் கடைசியில் அச்சடித்துவிடுங்கள், பேட்டியாளர் நினைவில் விடாதீர்கள்.

அனுப்பும் இடங்களை முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பாகாயத்தில் உள்ள சிஎம்சி மனநல மையம், அருகில் உள்ள தாலுகா மருத்துவமனை. போனில் பேச மனநல உதவிக்கு 14416, போதைக்கென்று 14446, மாநிலத்தின் மருத்துவ உதவி எண் 104. அனுப்புகிற சீட்டில் ‘குடிப்பவர்’ என்று எழுதாமல் ‘குடியை நிறுத்துவதால் நடுக்கம், வலிப்பு வரலாம், தயாமின் தேவைப்படலாம்’ என்று எழுதுங்கள். சாப்பாடில்லாமல் குடித்த உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் தீர்ந்திருக்கும். அந்த நிலையில் தயாமின் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினால் மூளை பாதிப்பு முற்றிவிடும். களைப்பாக இருக்கிறார் என்று தெருமுனையில் ஒரு பாட்டில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் நம் பக்கம் உண்டு, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டுக்காரம்மா கட்டாயம் கேட்பார்: ‘தெரியாம சோத்துல கலக்குற மாத்திரை இருக்காமே?’ டைசல்ஃபிராம்தான் அது. அவருக்குத் தெரியாமல் கொடுத்தால், அவர் வழக்கம்போல் குடித்தால், முகம் சிவந்து, வாந்தி, மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் சரிவு. இதயம் பலவீனமானவருக்கு உயிராபத்து. மாத்திரை நிறுத்தி இரண்டு வாரம் வரை இது நடக்கலாம். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் மேற்பார்வையில் எடுத்தால் மட்டுமே அது மருந்து.

‘சாகணும்போல இருக்கு’ என்று யாராவது சொன்னால் பேட்டியை நிறுத்துங்கள். தனியே விட்டு வராதீர்கள். அதற்கு ஒரு பொறுப்பு மருத்துவரின் போன் எண் பேட்டியாளர் பையில் இருக்கவேண்டும், பேட்டி எடுக்கும் நேரத்தில் அந்த எண்ணை எடுக்க ஆள் இருக்கவேண்டும்.

---

காட்பாடி_ஜங்ஷன்:

அனைவருக்கும் நன்றி. கேள்வித்தாளைத் திருத்த ஆரம்பித்துவிட்டோம். இரண்டு சந்தேகம் மட்டும். அணைக்கட்டு, ஒடுகத்தூர் மலையடிவாரத்தையும் சேர்க்கச் சொல்கிறார்கள். அங்கே ‘காய்ச்சுனது’ என்றால் எத்தனை சதவீதம் போடுவது? 400 பேர் போதுமா?

---

அரைக்கால்_படி:

சதவீதம் போடாதீர்கள். காய்ச்சும் சாராயம் அடுப்புக்கு அடுப்பு மாறும், முதலில் இறங்குவதும் கடைசியில் இறங்குவதும் ஒன்றல்ல, விற்பவர் தண்ணீர் கலப்பது இன்னொரு கணக்கு. தோராயமாக 40 என்று போட்டு கிராமாக்கினால் மூன்றாம் கேள்வி முழுக்க அந்த ஒரு ஊகத்தில் தொங்கும். கிளாஸ் கணக்கு, மில்லி, எத்தனை நாள் என்பதை மட்டும் எழுதித் தனிக் குறியீடு கொடுங்கள். ஆடிட் மொத்த ஸ்கோரை இவர்கள் இல்லாமல் ஒருமுறை, குறைந்தபட்சம் 30%, அதிகபட்சம் 50% என்று வைத்து இரண்டு முறை போடுங்கள். முடிவு மூன்றிலும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. மாறினால் மூன்றையும் அட்டவணையில் காட்டுங்கள். கள்ளுக்கும் இதேதான்.

அங்கே போகும் பேட்டியாளருக்கு ஒன்று சொல்லி அனுப்புங்கள். குடித்த மறுநாள் ‘கண்ணு மங்கலா இருக்கு, பனி மூடினாப்ல’ என்று யாராவது சொன்னால் அது மெத்தனாலாக இருக்கலாம். 2023 மே மரக்காணம், 2024 ஜூன் கள்ளக்குறிச்சி இரண்டிலும் கொன்றது அதுதான். குடித்த உடனே தெரியாது, அரை நாள் ஒரு நாள் கழித்துத்தான் காட்டும். கேள்வித்தாளை மூடிவிட்டு 108-ஐக் கூப்பிடவேண்டும். அவரோடு அதே சரக்கைக் குடித்தவர்கள் யார் யார் என்று அங்கேயே கேட்டு, நன்றாக இருப்பதாகச் சொல்கிறவர்களையும் சேர்த்து அனுப்பவேண்டும்.

400: கால்வாசிப் பேர் 8-ஐத் தாண்டுவார்கள் என்று வைத்து, ஐந்து சதவீதப் பிழைக்கு 4 × 25 × 75 ÷ 25 = 300 வரும். ஆனால் நீங்கள் தெருத் தெருவாக எடுக்கிறீர்கள். ஒரே தெருவில் உள்ளவர்கள் ஒரே கூட்டாளிகள். இதற்கு இரண்டால் பெருக்கினால் 600. நானூறிலேயே நிற்பதாக இருந்தால் பிழை ஆறு சதவீதம் என்று ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள், தப்பில்லை. தெருக்களைக் கூட்டி, தெருவுக்கு ஆளைக் குறைத்தால் இன்னும் நல்லது. பதினாறு தெருவில் 25 பேரைவிட நாற்பது தெருவில் பத்துப் பேர் மேல்.

இன்னொன்று: பகலில் கதவைத் தட்டினால் தறி நெய்பவர் வீட்டில் இருப்பார், லோடு ஏற்றுகிறவர் இருக்கமாட்டார். மூன்று முறை போயும் கிடைக்காதவரை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்தால், அதிகம் குடிக்கிறவர்களையே ஒவ்வொருவராக விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஞாயிறு காலை எட்டு மணி, கறிக்கடைக்குப் போகும் முன், வீட்டு வாசலில் பிடியுங்கள்.